மூளைப் படிமப் பகுப்பாய்வில் செயல்திறன் உடன்மாறிகள்

ஸ்கேனருக்குள் படுத்திருப்பவர் தமக்குத் தரப்பட்ட பணியை எவ்வளவு விரைவாக, எவ்வளவு சரியாகச் செய்தார் என்பதைக் காட்டும் அளவு செயல்திறன் உடன்மாறி எனப்படும். விடையளிக்க எடுத்த நேரம், பிழைகளின் எண்ணிக்கை, நினைவில் நின்ற சொற்கள் ஆகியவை இவ்வகையின. 1990களில் கார்ல் ஃபிரிஸ்டன் குழுவினர் பரவலாக்கிய பொது நேரியல் மாதிரியில், மூளையின் செயல்பாட்டைக் குருதி மாற்றத்தின் வழியே அளக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. சமிக்ஞையின் ஏற்ற இறக்கத்தை விளக்கும் மாறிகளுள் ஒன்றாக இது சேர்க்கப்படுகிறது.

இதன் தேவையை ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனை நன்கு உணர்த்தும். பச்சை மையில் அச்சிட்ட 'சிவப்பு' என்ற சொல்லைக் கண்டு மையின் நிறத்தைச் சொல்ல, சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். எஃப்.எம்.ஆர்.ஐ. அளக்கும் குருதிச் சமிக்ஞையோ உச்சத்தைத் தொடவே 5, 6 வினாடி எடுக்கும். எனவே நரம்புகள் சிறிது நேரம் கூடுதலாக இயங்கினாலும், அதே நேரத்தில் வலுவாக இயங்கினாலும் அதில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். முரணான சொல்லின்போது ஒரு பகுதியில் சமிக்ஞை உயர்ந்தால், முரணைக் கையாண்டது காரணமா, நேரம் நீண்டது காரணமா என்று சொல்ல, விடை நேரமும் மாதிரிக்குள் இருந்தாக வேண்டும்.

ஒவ்வொரு முயற்சியின் விடை நேரத்தையும் அந்நிகழ்வின் கால அளவாகவே கொள்ளலாம். அல்லது சராசரியைக் கழித்து, சமிக்ஞையின் உயரத்தை மாற்றும் தனி மாறியாகச் சேர்க்கலாம். இரண்டாம் முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகள் இருந்தால், எஸ்.பி.எம். என்னும் பகுப்பாய்வு மென்பொருள் இயல்பாக அவற்றை வரிசைப்படி செங்குத்தாக்கும்; அதாவது, முந்தைய மாறிகளோடு பொதுவான பங்கைப் பிந்தையவற்றிலிருந்து நீக்கும். பொதுவான பங்கு முழுவதும் முதலில் வரும் மாறிக்கே போய்விடுவதால், வரிசையை மாற்றினால் முடிவும் மாறும்.

பலரின் தரவை ஒப்பிடும் குழு நிலையில் உடன்மாறியாக ஆளுக்கு ஓர் எண் போதும். சிக்கல் இங்கேதான் பெரிது. முதியோரையும் இளையோரையும் ஒப்பிடும்போது, மொத்தச் சராசரியைக் கழித்தால், இரு குழுக்களும் ஒரே வேகத்தில் இயங்கியிருந்தால் மூளைச் சமிக்ஞையில் வேறுபாடு எவ்வளவு இருக்கும் என்ற கேள்விக்கே விடை கிடைக்கும். அந்தந்தக் குழுவின் சராசரியைக் கழித்தால், குழுக்களுக்கிடையிலான வேக வேறுபாடு கணக்கில் வராது. முதுமையே வேகத்தைக் குறைத்திருக்கும்போது, வேகத்தைச் சமன்செய்வது முதுமையின் ஒரு பகுதியையே அழித்துவிடும். இக்குறையைக் கணக்கீட்டால் தீர்க்க இயலாது. பணியின் கடினத்தை ஆளுக்கேற்ப முன்பே அமைத்து, செயல்திறனைச் சமமாக்கிக்கொள்வதே நேரிய வழி.

செயல்திறனோடு இணைந்து மாறும் மூளைப் பகுதிகளைத் தேடுவோர்க்கு இன்னொரு தடையும் உண்டு. செயல்திறனோடு அதிக ஒட்டுறவு காட்டிய படிமப் புள்ளிகளை மட்டும் பொறுக்கி, அதே தரவிலிருந்து அவற்றின் ஒட்டுறவை அறிவித்தால் மதிப்பு ஊதிப்பெருகும் என்று எட்வர்ட் வுல் குழுவினர் 2009இல் சுட்டிக்காட்டினர். புள்ளிகளை ஒரு தரவிலும் ஒட்டுறவை வேறொரு தரவிலும் காண்பது இதைத் தவிர்க்கும்.