விஜய் அமிர்தராஜும் ஒற்றைக் கை பேக்ஹேண்டும்

கிரிக்கெட் பற்றி எழுதினால் வரிசையாகப் பதில் போடுகிறீர்கள். இன்று டென்னிஸ். பொறுமையாகப் படியுங்கள்.

2024 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. 1973-இல் ஆண்களுக்கான கணினித் தரவரிசை தொடங்கியதிலிருந்து முதல் முறையாக, முதல் பத்து இடங்களில் ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் அடிப்பவர் ஒருவர்கூட இல்லை. அதே ஆண்டு ஜூலையில் நம் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜுக்கு அமெரிக்காவின் நியூபோர்ட்டில் உள்ள டென்னிஸ் புகழரங்கில் இடம் கிடைத்தது. அவரும் ஒற்றைக் கைக்காரர்தான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக: வலது கைக்காரருக்கு இடப்பக்கம் வரும் பந்தை, புறங்கை முன்னே வர அடிப்பதுதான் பேக்ஹேண்ட்.

விஜய் பிறந்தது 1953 டிசம்பர் 14. உயரம் 6 அடி 4 அங்குலம். சிறுவயதில் நுரையீரல் கோளாறால் அவதிப்பட்ட பிள்ளை. அம்மா மேகி அமிர்தராஜ் விடாமல் மைதானத்துக்கு அனுப்பினார். அந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அன்று மட்டை மரத்தில் செய்தது. தலை சிறியது, கனம் அதிகம். இடது கை மட்டையின் கழுத்தைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும். கூடவே தோள் முழுக்கத் திரும்பும். பந்தை உடம்புக்கு முன்னாலேயே சந்திக்க வேண்டும். அடிக்கும் நொடியில் இடது கை பின்பக்கம் விரிந்து உடம்பைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் தாமதமானாலும் மணிக்கட்டு மடங்கிவிடும். இரண்டு கைக்காரர் அதைச் சமாளித்துவிடுவார்.

உயரமானவருக்கு இதில் லாபம் உண்டு, தொல்லையும் உண்டு. புல்தரையில் பந்து எழும்பாது. 6 அடி 4 அங்குலக்காரர் முழங்காலை நன்றாக மடக்கியே ஆக வேண்டும். ஆனால் ஒற்றைக் கை எட்டுகிற தூரம் இரட்டைக் கைக்கு எட்டாது. பந்தின் அடியைச் சீவிவிட்டு வலைக்கு ஓடலாம். அங்கே பந்து தரையில் விழுமுன் தட்டுவதும் ஒற்றைக் கையால்தானே! தோள் உயரத்துக்கு எழும்பும் பந்துதான் ஒற்றைக் கைக்கு எமன். தோளே உயரத்தில் இருப்பவருக்கு அந்தத் தொல்லை குறைவு.

1973-இல், 19 வயதில், விம்பிள்டன் காலிறுதியில் அந்த ஆண்டின் சாம்பியன் யான் கோடெஷிடம் ஐந்தாவது செட்டில் 7-5 என்றுதான் தோற்றார். அதே ஆண்டு ஃபாரஸ்ட் ஹில்ஸில் ராட் லேவரை வென்றார். 1974-இல் அங்கேயே, புல்தரையில், இரண்டு கை பேக்ஹேண்டைப் பிரபலமாக்கிய பியான் போர்கை வென்றார். சென்னையில் தூர்தர்ஷன் வந்ததே 1975-இல்தான். ஆகவே நாங்கள் இதையெல்லாம் செய்தித்தாளில் படித்ததோடு சரி.

1979 விம்பிள்டனில் போர்கிடம் 2-1 செட் முன்னிலையிலிருந்தும், 1981-இல் ஜிம்மி கானர்ஸிடம் 2-0 முன்னிலையிலிருந்தும் தோற்றார். கானர்ஸும் இரட்டைக் கைக்காரர். பேக்ஹேண்ட் காரணமல்ல, கடைசி செட்டுகளில் உடம்பு தாங்கவில்லை என்பதே என் எண்ணம்.

1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளில் ஆடிய ராமநாதன் கிருஷ்ணன், அவர் மகன் ரமேஷ், விஜய், இங்கே விஜய் நடத்திய பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த லியாண்டர் பயஸ் எல்லாரும் ஒற்றைக் கைதான். 2009 சென்னை ஓப்பன் இறுதிவரை வந்த சோம்தேவ் இரட்டைக் கை. அந்தப் போட்டி இங்கே நடந்த 1997 முதல் 2017 வரை, தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் நுங்கம்பாக்கத்தில் இறங்கிப் பார்த்துவிடலாம். அதை நான்கு முறை வென்ற வாவ்ரிங்காவின் பேக்ஹேண்டைப் பார்த்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

சேலையூரிலிருந்து ஒரு பழைய மாணவர் கேட்டிருந்தார்: "ஐயா, பையன் உயரமாக வளர்கிறான், எந்தக் கை?" தம்பி, சின்ன வயதில் மணிக்கட்டுக்கு வலு போதாது, இரண்டு கையிலேயே ஆடட்டும். பீட் சாம்ப்ராஸ் 14 வயதுவாக்கில்தான் ஒற்றைக் கைக்கு மாறினார். ஆனால் பந்தைச் சீவுவதை மட்டும் இப்போதே ஒற்றைக் கையால் பழகச் சொல்.