நிலமும் ஆசனமும்: திரௌபதி முர்மு அம்மையாரின் மாநில அரசியல் வாழ்வு

தோற்றுவாய்

நமது கொழும்பு மாநகரின் வடபாகத்து வாக்காளர் 1932ஆம் ஆண்டிலே நேசம் சரவணமுத்து அம்மையாரை அரசாங்க சபைக்குத் தெரிந்தனுப்பினர். அதற்கு முந்திய ஆண்டில் அதே சபையுட் புகுந்த அட்லின் மொலமூரே அம்மையாருக்கு அடுத்தபடியாக அச் சபையில் அமர்ந்த பெண்மணி இவரே. இவ்வகைச் செய்திகளை நாம் மாணவர்க்குக் கற்பிக்கும்போது, "முதற் பெண்", "இரண்டாம் பெண்" என்று எண்ணிட்டுக் கூறுவதோடு நின்றுவிடுகின்றோம். ஆசனத்தில் அமர்ந்தவர் யார் என்பதை வரலாறு குறித்து வைக்கின்றது. அமர்ந்த பின் அவர் ஆற்றியது யாது என்பதை ஆராய்வதன்றோ வரலாற்று மாணவன் கடமை?

இவ்வினாவை மனத்திற்கொண்டு, இந்தியாவின் பழங்குடிப் பெண்மணி ஒருவருடைய வாழ்வை ஈண்டு நோக்குவாம். அவர் திரௌபதி முர்மு அம்மையார். 2022ஆம் ஆண்டில் அவர் இந்தியக் குடியரசின் தலைவரானமையை உலகறியும். அதற்கு முன் இரு மாநிலங்களில் அவர் கழித்த அரசியல் வாழ்வே இக்கட்டுரையின் பொருள்.

நிலமும் சட்டமும்

ஒடிசா மாநிலத்தின் வட எல்லையில் மயூர்பஞ்ச் மாவட்டம் உள்ளது. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோருள் நூற்றுக்கு 58 பேருக்கு மேற்பட்டோர் பழங்குடியினர். அவருட் பெருந்தொகையினர் சந்தாலர். அவர்தம் தாய்மொழியாகிய சந்தாலிக்கு 1925ஆம் ஆண்டளவில் "ஒல் சிக்கி" என்னும் எழுத்து முறையை வகுத்த பண்டித இரகுநாத முர்மு பிறந்ததும் அம் மாவட்டத்திலேயே. நெடுங்காலம் வாய்மொழியாகவே வழங்கி வந்த அம்மொழி, 2003ஆம் ஆண்டு நிறைவேறிய 92ஆம் திருத்தத்தினால் இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது.

சந்தாலர் வரலாற்றில் நிலம் என்பது வெறும் உடைமையன்று. குலத்தின் நினைவு முழுவதும் அதனோடு பிணைந்துள்ளது. வட்டிக்காரரும் சமீந்தார்களும் தம் நிலங்களை விழுங்குவதைப் பொறாத சந்தாலர், 1855ஆம் ஆண்டு யூன் 30ஆந் தேதி போக்னாடி என்னும் ஊரிலே திரண்டு, சிது, கானு என்னும் உடன்பிறந்தார் தலைமையிற் கிளர்ந்தெழுந்தனர். "ஊல்" எனப்படும் அக் கிளர்ச்சி படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. அதன் பின்னர் 1899–1900இல் பீர்சா முண்டா தலைமையில் முண்டர் எழுந்தனர். பீர்சா 1900ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இராஞ்சிச் சிறையிலே உயிர் நீத்தார்.

இக் கிளர்ச்சிகள் தோற்றன என்று கூறுவது பாதி உண்மையே. 1908ஆம் ஆண்டில் ஆங்கில அரசு சோட்டா நாகபுரிக் குடிவாரச் சட்டத்தை இயற்றியது. பழங்குடியினர் நிலம் பிறர் கைக்கு எளிதில் மாறாவண்ணம் அச்சட்டம் வரம்பு கட்டியது. 1949ஆம் ஆண்டில் சந்தால் பர்கானாக் குடிவாரச் சட்டம் அதற்குத் துணையாயிற்று. ஆகவே இவ்விரு சட்டங்களும் ஏட்டிற் கிடக்கும் எழுத்துக்களல்ல. இரத்தஞ் சிந்திப் பெற்ற காப்புக்கள் என அம்மக்கள் கருதுவது இயல்பே.

கல்வியும் பணியும்

திரௌபதி அம்மையார் 1958ஆம் ஆண்டு யூன் 20ஆந் தேதி மயூர்பஞ்ச் மாவட்டத்து உபர்பேடா என்னும் சிற்றூரிற் பிறந்தார். பிறந்த குடி துடு. முர்மு என்பது கணவர் வழி வந்த குடிப்பெயர். சந்தாலி மொழியில் அவருக்கிட்ட பெயர் வேறு. திரௌபதி என்பது பள்ளி ஆசிரியர் ஒருவர் மாற்றி வைத்த பெயரென்று அவரே கூறியுள்ளார். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இச்செய்தியைச் சிறிது நின்று சிந்தித்தல் நன்று. பிள்ளையின் பெயரையே மாற்றும் அதிகாரம் பள்ளிக்கூடத்துக்கு இருந்தது. அப் பிள்ளையை உலகின்முன் நிறுத்தும் ஆற்றலும் அப் பள்ளிக்கூடத்துக்கே இருந்தது.

தம் ஊரிலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதற் பெண் தாமே என அம்மையார் குறிப்பிட்டுள்ளார். புவனேசுவரத்து இரமாதேவி மகளிர் கல்லூரியிற் கலைப்பட்டம் பெற்று, 1979 முதல் 1983 வரை ஒடிசா அரசின் நீர்ப்பாசன, மின்வலுத் திணைக்களத்தில் இளநிலை எழுதுவினைஞராகப் பணியாற்றினார். பின்னர் 1994 முதல் 1997 வரை இராய்ரங்கபூரில் சிறீ அரவிந்தர் கல்வி நிலையத்தில் ஆசிரியையாக விளங்கினார்.

சட்டசபையில்

இந்திய அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சி மன்றங்களில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாத ஆசனங்களைப் பெண்களுக்கென அது ஒதுக்கியது. அக்கதவு திறந்த சில ஆண்டுகளில், 1997இல், அம்மையார் இராய்ரங்கபூர் நகர மன்றத்தின் அங்கத்தவராகி, அதன் உபதலைவராகவும் அமர்ந்தார். 2000ஆம் ஆண்டில் பாரதிய ஜனதாக் கட்சியின் சார்பில் இராய்ரங்கபூர்த் தொகுதியில் வென்று ஒடிசாச் சட்டசபையுட் புகுந்தார். பிஜு ஜனதா தளத்தோடு கூட்டாக அமைந்த மந்திரிசபையில் முதலில் வர்த்தகம், போக்குவரத்து ஆகியவற்றையும், 2002 முதல் 2004 வரை மீன்வளம், கால்நடை ஆகியவற்றையும் பொறுப்பேற்று இராசாங்க மந்திரியாகக் கடமையாற்றினார். 2004இல் மறுமுறையும் வென்றார். 2007இல் சிறந்த சட்டசபை அங்கத்தவருக்குரிய நீலகண்ட விருது அவருக்கு வழங்கப்பட்டது.

வெற்றி தொடர்ந்து வருவதன்று. 2009ஆம் ஆண்டில் இரு கட்சிகளும் பிரிந்தன. அவ்வாண்டு மயூர்பஞ்ச் தொகுதியிற் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்ட அம்மையார் தோல்வியுற்றார். அதனையடுத்த சில ஆண்டுகளுள் கணவரையும் இரு ஆண்மக்களையும் ஒருவர்பின் ஒருவராக இழந்தார். இத்துயரின் முன் அரசியல் தோல்வி மிகச் சிறியது. அதனையும் தாங்கிக்கொண்டு அவர் பொதுவாழ்வில் நிலைத்து நின்றார் என்பதொன்றே ஈண்டுக் கூறற்பாலது.

ஆளுநர் ஆசனம்

2015ஆம் ஆண்டு மே 18ஆந் தேதி அம்மையார் ஜார்க்கண்ட் மாநில ஆளுநராகப் பதவியேற்றார். அம் மாநிலத்தின் முதற் பெண் ஆளுநர் அவரே. 2000ஆம் ஆண்டு நவம்பர் 15இல், பீர்சா முண்டாவின் பிறந்த நாளில், உருவாக்கப்பட்ட மாநிலம் அது.

ஆளுநர் பதவி பெரும்பாலும் அலங்காரப் பதவி என்பர். ஆயினும் பழங்குடிப் பிரதேசங்களைப் பொறுத்தவரையில் இந்திய அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை அவருக்குத் தனி அதிகாரங்களை வழங்கியுள்ளது. யாதேனுமொரு சட்டம் அப்பிரதேசத்துக்குப் பொருந்தாதென்று அவர் அறிவித்தலாம். பழங்குடியினர் நிலம் கைமாறுவதைத் தடுக்கும் விதிகளை ஆக்கலாம். அப்பிரதேச நிருவாகம் பற்றிக் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அனுப்புதல் வேண்டும். இவ்வதிகாரங்கள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தன என்பதே அறிஞர் பலரின் குறைபாடு.

2016ஆம் ஆண்டு நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டசபை மேற்கூறிய இரு குடிவாரச் சட்டங்களையும் திருத்தும் மசோதாக்களை நிறைவேற்றியது. விவசாய நிலத்தை வேறு தேவைகளுக்குப் பயன்படுத்த இடமளிப்பது அவற்றின் முக்கிய நோக்கம். நிலத்துக்கு உரியவரே அதிற் கடையோ கட்டடமோ அமைத்துப் பொருளீட்டலாம். உரிமை அவரிடமே இருக்கும் என்பது அரசின் வாதம். விளைநிலம் என்னும் தன்மை மாறினாற் காப்பும் மெல்ல நழுவும் என்பது எதிர்த்தோர் வாதம். ஊர்கள் தோறும் கண்டனக் கூட்டங்கள் நிகழ்ந்தன. ஆளுநர் மாளிகைக்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

மசோதாக்களைக் கொண்டு வந்தது அம்மையார் சார்ந்திருந்த கட்சியின் அரசாங்கம். அவரை ஆளுநராக நியமித்த மத்திய அரசும் அக்கட்சியினதே. கையொப்பமிடுதல் அவருக்கு எளிதான வழியாயிருந்திருக்கும். அவரோ 2017ஆம் ஆண்டில் அம் மசோதாக்களை ஒப்பமிடாது திருப்பியனுப்பினார். இத் திருத்தங்களாற் பழங்குடி மக்களுக்கு விளையும் நன்மை யாது என்பதே அவர் எழுப்பிய வினாவின் சாரம். அதே ஆண்டிலே அரசாங்கம் அம் முயற்சியைக் கைவிட்டது.

மதிப்பீடு

இச்செயலின் அளவை மிகைப்படுத்தலும் தவறு, குறைத்தலும் தவறு. அரசியலமைப்பின் 200ஆம் உறுப்பின்படி, திருப்பியனுப்பப்பட்ட மசோதாவைச் சட்டசபை மீண்டும் நிறைவேற்றுமாயின், ஆளுநர் ஒப்புதலை மறுத்தல் இயலாது. ஆகவே அம்மையார் கையிலிருந்தது ஒரு வினா மட்டுமே. அவ்வினாவுக்கு வலுவளித்தவர்கள் வீதியில் நின்ற மக்கள். மக்களின் குரல் இன்றி ஆளுநரின் தாள் ஒரு தாளாகவே இருந்திருக்கும். ஆளுநரின் தாள் இன்றி மக்களின் குரல் சபையின் வாயிலோடு நின்றிருக்கலாம். இரண்டும் கூடியவிடத்தே 1908ஆம் ஆண்டுக் காப்பு நிலைத்தது.

மறுபக்கத்தையும் நோக்குதல் நேர்மை. தம் உரிமைகளைக் கல்லிற் பொறித்து ஊரெல்லையில் நாட்டிய "பத்தல்கடி" இயக்கத்தினர்மீது அக் காலத்திலேயே இராசத்துரோக வழக்குகள் தொடரப்பட்டன. அவற்றை மீளப் பெறும் முடிவு 2019ஆம் ஆண்டு திசம்பரில் வேறோர் அரசாங்கம் வந்த பின்னரே எடுக்கப்பட்டது. பழங்குடிப் பெண்ணொருவர் உயர்ந்த ஆசனத்தில் இருந்தமையால் மட்டும் பழங்குடியினர் துன்பம் நீங்கிவிடவில்லை. 2022ஆம் ஆண்டு யூலை 25இல் அவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். நூற்றுக்கு 64 பங்கு வாக்கு மதிப்பு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில், அவர் வேட்பாளரானதன் பின்னரே, பிறந்த ஊராகிய உபர்பேடாவின் ஒரு குடியிருப்புக்கு மின்சாரம் வந்தது. ஆசனத்தின் ஒளி ஊரின் இருளைக் காட்டிக்கொடுத்தது போலும்!

முடிவுரை

நம் நாட்டிலும் ஆதிக்குடிகள் உளர். தம்பானையில் வாழும் வேடரை அறிந்த நாம், வாகரைக் கரையோரத்தில் தமிழே பேசி வாழும் வேடரைப் பெரிதும் அறிந்திலோம். 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த காட்டிலிருந்து வேடர் பலர் வெளியேற நேர்ந்தது. அவர்தம் நிலத்தின் பொருட்டு, "இதனால் இம்மக்களுக்கு நன்மை யாது?" என வினவித் தாளைத் திருப்பியனுப்பும் கடமை அன்று எந்த ஆசனத்துக்கும் இருக்கவில்லை.

திரௌபதி அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே: சட்டத்தில் அவ் வினாவுக்கு இடமிருத்தல் வேண்டும், அதனைக் கேட்க மனமுள்ளோர் அவ்விடத்தில் இருத்தல் வேண்டும், அவருக்குப் பின்னே மக்கள் விழித்திருத்தலும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் ஆசனம் வெறும் மரமே. "முதற் பெண்" என எண்ணிட்டுப் போகும் பழக்கத்தை விடுத்து, இம்மூன்றையும் தேடிப் படிக்க நம் மாணவரைப் பழக்குவோமாயின், வரலாற்றுப் பாடம் பயனுடைத்தாகும்.