மறைந்த கொலாபா நிலையம்

பம்பாய் சர்ச்கேட் நிலையத்தில் நாள்தோறும் இறங்கும் தமிழன்பர்கள், இருப்புப் பாதை அங்கே தடுப்புச் சுவரோடு முடிந்துவிடுவதைக் கண்டிருப்பார்கள். நகரமோ இன்னும் தெற்கே நீண்டு கிடக்கிறது. வண்டி ஏன் அதற்குமேல் செல்வதில்லை என்று நாம் கேட்பதில்லை. ஒரு காலத்தில் அது சென்றுகொண்டுதான் இருந்தது.

கொலாபா முன்னாளில் ஒரு தனித் தீவு. 1838-இல் கடலினூடே அமைத்த சாலை அதை நகரோடு இணைத்தது. 1844-இல் பஞ்சுச் சந்தை கோட்டைப் பகுதியை விட்டு அங்கே குடிபெயர்ந்தது. மீனவர் குப்பங்களும் படைவீரர் பாசறையும் இருந்த சிற்றூரில் பஞ்சுப் பொதிகள் மலையெனக் குவிந்தன. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் பம்பாய்ப் பஞ்சுக்குப் பொன்விலை கிடைத்தது. அந்தச் செருக்கில் கடலைத் தூர்த்து மனைகளாக்கப் பல கம்பெனிகள் கிளம்பின. 1865-இல் போர் ஓய்ந்தது, விலை வீழ்ந்தது, கம்பெனிகளும் கவிழ்ந்தன. பேக்பே கரையோரம் அவை விட்டுச்சென்ற ஒடுங்கிய நிலத்தின்மீதுதான் பம்பாய்–பரோடா–மத்திய இந்தியா ரயில்வே தெற்கு நோக்கித் தண்டவாளம் பதித்தது.

1867 ஏப்ரல் 12-ஆம் நாள் விராரிலிருந்து பேக்பேக்கு முதல் புறநகர் வண்டி ஓடிற்று. போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவே. 1870-இல் சர்ச்கேட் நிலையம் எழுந்தது. சில ஆண்டுகளில் பாதை கொலாபாவை எட்டியது. 1896-இல் அங்கே புதிய நிலையம் கட்டப்பட்டது. குஜராத்தின் பஞ்சும், நெடுந்தொலைவுப் பயணிகளும், அலுவலகக் குமாஸ்தாக்களும் அந்த ஒரே முனையில் வந்து இறங்கினர். ஒரு பக்கம் ஊர், மறு பக்கம் அலைகள், இடையே வண்டி. இத்தகைய பயணம் இந்நாளில் யாருக்கு வாய்க்கும்?

1928 ஜனவரி 5-ஆம் நாள் கொலாபாவிலிருந்து போரிவலி வரை மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. பணத்தைக் கொட்டிக் கம்பங்கள் நட்டு, கம்பிகள் இழுத்து முடித்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. 1930 டிசம்பர் 31-ஆம் நாளோடு நிலையம் மூடப்பட்டது.

காரணம் மீண்டும் கடலைத் தூர்க்கும் ஆசையே. ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் அரசே அத்திட்டத்தைக் கையிலெடுத்தது. செலவு எல்லை மீறியது. தூர்த்த மண்ணைக் கடல் அரித்துச் சென்றது. வழக்கறிஞர் கே. எப். நரிமன் ஊழலைப் பகிரங்கமாகச் சாடினார். அதற்காக அவர்மீது அவதூறு வழக்கு வந்தது. அதில் அவரே வென்றார். பின்னாளில் தூர்த்தெடுத்த கரையோன்றுக்கு நரிமன் முனை என்று அவர் பெயரையே சூட்டினார்கள். விதியின் குறும்பு அது! ஆயினும் திட்டம் முற்றிலும் நிற்கவில்லை. கரையோரப் பாதை புதுமனைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்ளும் நிலை வந்தது. மனைக்கு வழிவிட்டு வண்டி ஒதுங்கியது. நெடுந்தொலைவு வண்டிகளுக்கென 21 மாதங்களில் கட்டிய பம்பாய் சென்ட்ரல், அதே டிசம்பர் 18-இல் திறக்கப்பட்டிருந்தது. பெட்டி படுக்கையோடு வருபவருக்கு மாற்று கிடைத்தது. சீசன் டிக்கெட்காரருக்கு அது கிடைக்கவில்லை என்பதே நம் எண்ணம்.

மாதுங்கா நண்பர் ஒருவரின் பாட்டனார் கொலாபாவில் பஞ்சு வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதியவர். 1931-ஆம் ஆண்டு பிறந்த அன்று சர்ச்கேட்டில் இறங்கி, எஞ்சிய ஒன்றரை மைலை வெயிலில் நடந்தாராம். "டிராம் இருந்ததே, தாத்தா?" என்று பேரன் கேட்டபோது, "டிராமுக்குத் தனியாக யாரடா கொடுப்பார்கள்?" என்று சினந்தாராம்.

அந்தப் பேரனோடு நாமும் அவ்வழி நடந்தோம். நிலையம் இருந்த நிலத்தில் இப்போது பத்வார் பார்க் என்னும் ரயில்வே அதிகாரிகள் குடியிருப்பு நிற்கிறது. நிலம் மட்டும் ரயில்வேயை விட்டுப் போகவில்லை. 2025 அக்டோபரில் நிலத்தடி மெட்ரோ கஃப் பரேடு வரை வந்ததால், ஏறக்குறைய 95 ஆண்டுகளுக்குப் பின் தென்முனைக்கு மீண்டும் வண்டி ஓடுகிறது. திரும்பும்போது அதிலேயே ஏறினோம். சன்னலுக்கு வெளியே இருளே இருந்தது. நண்பர் தம் பாட்டனாரின் நடையைக் கணக்கிட்டுப் பார்த்து, "அரைமணி நேரமாவது ஆகியிருக்கும், ஐயா" என்றார்.