சாக்புரூட் வைரசு

சாக்புரூட் வைரசு தேனீக் குடம்பிகளைக் கொல்லும் ஆர்.என்.ஏ. வைரசு, இஃப்லா வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்தது. தொற்றிய புழு, அறை மூடப்பட்ட பின் கடைசித் தோலை உரிக்க முடியாமல் இறக்கிறது. தோலுக்கும் உடலுக்கும் இடையே நீர் கோப்பதால், வெளியே எடுத்தால் நீர் நிரம்பிய பைபோல் தொங்கும்.

இதன் ஒரு வகை 1976இல் தாய்லாந்தில் இந்தியத் தேனீயில் கண்டறியப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அது தென்னிந்தியாவில் பரவி, கன்னியாகுமரி மாவட்டத் தேன்பெட்டிகளைப் பெருமளவில் வெறுமையாக்கியது. தேனையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது பேரிழப்பு.

வைரசுத் துகள் ஏறத்தாழ 28 நானோமீற்றர் விட்டமுடையது. 1999இல் வாசிக்கப்பட்ட அதன் ஆர்.என்.ஏ. இழையின் நீளம் 8,832 நியூக்கிளியோரைட்டுகள். இது நேர் இழை: கலத்தினுள் நுழைந்ததும் அதுவே தூது ஆர்.என்.ஏ. ஆகிறது. தேனீயின் சொந்தத் தூது ஆர்.என்.ஏ.யின் முனையில் உள்ள மூடி வைரசுக்கு இல்லை. பதிலாக, இழையின் தொடக்கப் பகுதி மடிந்து இறைபோசோமை நேரே தன்பால் ஈர்க்கிறது.

இறைபோசோம் 2,858 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீண்ட புரதத்தை ஆக்குகிறது. வைரசின் புரதப்பிளப்பு நொதியம் அதைத் துண்டுகளாக வெட்டுகிறது. முன்பகுதியிலிருந்து உறைப் புரதங்களும், பின்பகுதியிலிருந்து நகலெடுக்கும் நொதியங்களும் கிடைக்கின்றன. இதில் பெரும் விரயம் உண்டு. ஓர் உறைக்கு ஒவ்வொரு முதன்மைப் புரதமும் 60 பிரதிகள் வேண்டும். நகலெடுக்கும் நொதியம் அவ்வளவு தேவையில்லை. ஆயினும் இரண்டும் சம அளவிலேயே உருவாகின்றன. சுவர்க்கோழி வாத வைரசு இச்சிக்கலைத் தவிர்க்கிறது: அதன் இழையில் இரு குறிமுறைப் பகுதிகள் உள்ளன; இரண்டாவது வழக்கமான மெதியோனினை விடுத்து அலனினில் தொடங்கி, உறைப் புரதங்களை மட்டும் மிகுதியாகத் தருகிறது.

நகலெடுப்பு குழியவுருவிலேயே நடைபெறுகிறது. பொலிமெரேசு நொதியம் முதலில் எதிர் இழையை ஆக்கி, அதை அச்சாகக்கொண்டு ஏராளமான நேர் இழைகளை உருவாக்குகிறது. பிழை திருத்தும் ஆற்றல் இந்நொதியத்துக்கு இல்லாததால், புதிய வகைகள் விரைவில் தோன்றுகின்றன.

நகலெடுப்பின்போது இரு இழைகளும் பிணைந்திருக்கும் நிலையே வைரசின் பலவீனம். தேனீயின் டைசர் நொதியம் அந்த இரட்டை இழையை இனங்கண்டு சிறு துண்டுகளாக நறுக்குகிறது. அத்துண்டுகளின் துணையுடன் மற்ற வைரசு இழைகளும் அழிக்கப்படுகின்றன. செயற்கை இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைப் பாகில் கலந்து ஊட்டும் ஆய்வுகள் இதைப் பின்பற்றியவை. பண்ணைகளில் இன்றும் கைக்கொள்ளப்படுவது நோயுற்ற அடைகளை அகற்றுவதும், தாங்கிப் பிழைத்த தேனீக் குடும்பங்களிலிருந்து புதியவற்றைப் பெருக்குவதுமே.