வசந்தம் பதியாத தகடுகள்: பம்பாய் நகரும் புகைப்படமும்

மும்பைக்கு வசந்த காலம் உண்டா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பது வழக்கம். "உங்க ஊர்ல மழை ஒண்ணு, மழைக்கு முந்தி வெக்கை ஒண்ணு, அவ்வளவுதானே" என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்நகரின் பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தாலும் அதே எண்ணம்தான் வரும். கோட்டை, துறைமுகம், மணிக்கூண்டு, ரயில் நிலையம் எல்லாம் இருக்கும். பூத்த மரம் இருக்காது. நடமாடும் மனிதர்களும் அரிது. இது ஏன் என்பதும், இன்று கையில் கேமராவோடு திரியும் நமக்கு இதில் என்ன பாடம் இருக்கிறது என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

வசந்தம் உண்டு

தமிழ் மரபில் மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். மும்பையில் பின்பனியிலேயே பூக்கத் தொடங்கிவிடுகிறது. போரிவிலியின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் ஆரே காட்டிலும் இலையே இல்லாத இலவ மரம் சிவப்பாகப் பூத்து நிற்கும். நாம் கலியாண முருங்கை என்பதை மராத்தியர் பாங்காரா என்பார்கள். நம் புரசு அவர்களுக்குப் பளஸ். மூன்றும் சிவப்புப் பூக்கள். விக்ரோளிப் பக்கம் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையின் இரு ஓரமும் டபேபுயா மரங்கள் இளஞ்சிவப்பாய் மாறுவதைப் பார்க்கவே மக்கள் வண்டியை நிறுத்துகிறார்கள். அது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். சித்திரை பிறந்தால் சோன்மோகர் என்கிற இயல்வாகை தெருவெல்லாம் மஞ்சள் கொட்டும். அதன் பின்னாலேயே மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகர், அதாவது மயில்கொன்றை.

மரம் மட்டுமா வசந்தம்? வொர்லி கோலிவாடாவில் கோலி மீனவர்களின் ஹோலி, கிர்காவில் குடி பாட்வா ஊர்வலம், சைத்திர வளர்பிறைத் திரயோதசியில் எங்கள் மகாவீர் ஜெயந்தி, ரத்னகிரியிலிருந்தும் தேவ்கடிலிருந்தும் வைக்கோல் மெத்தையில் வந்து இறங்கும் அல்போன்சா மாம்பழம். இத்தனையும் இந்நகரின் வசந்தம்தான்.

கடற்கரை நகரம் ஒன்றின் வசந்தத்தையும் அதன் தெருவையும் ஒருசேரப் பதிந்து வைத்த பெருமை நம் தமிழுக்கு உண்டு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை சித்திரை மாதத்துப் புகார் நகரைக் காட்டுகிறது. பிட்டு விற்பவர், அப்பம் சுடுபவர், மீன் விற்பவர், உப்பு விற்பவர், செம்பு வேலைக்காரர், வெண்கலக் கன்னார், தச்சர், பொற்கொல்லர், தையற்காரர் என்று தெருத்தெருவாகக் கணக்கெடுக்கிறது அது. இளங்கோவடிகள் சமணத் துறவி என்பது எங்கள் மரபு. பாத்திர வியாபாரியான எனக்கு அந்தக் கன்னாரைப் படிக்கும்போதெல்லாம் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தது போலிருக்கும். எழுத்தாணி செய்த அந்த வேலையைப் பம்பாயில் கேமரா செய்ததா?

முதல் கேமராக்கள்

புகைப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பம்பாய் புகைப்படச் சங்கம் 1854இல் தொடங்கியது. இந்தியாவிலேயே இதுதான் முதல் சங்கம். கல்கத்தாவும் நம் சென்னையும் 1856இல்தான் தொடங்கின. சங்கத்தில் ஆங்கில அதிகாரிகளோடு டாக்டர் பாவ் தாஜி லாட் போன்ற இந்தியர்களும் இருந்தார்கள். அவர் தம்பி நாராயண் தாஜியும் மருத்துவரே. இந்தியரில் முதன்முதல் கேமரா பிடித்தவர்களில் ஒருவர். எல்ஃபின்ஸ்டன் கல்விக்கூடத்தில் 1850களின் நடுவிலேயே புகைப்பட வகுப்பு நடந்தது. அதில் பயின்ற ஹரிச்சந்திர சிந்தாமணி பின்னாளில் தொழில்முறைக் கலைஞரானார். பைகுல்லாவில் 1872இல் திறந்த விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு 1975 முதல் பாவ் தாஜி லாட் பெயரே வழங்குகிறது.

அந்தச் சமயத்தில் பம்பாய் உருமாறிக்கொண்டிருந்தது. 1862இல் ஆளுநராக வந்த பார்ட்டில் பிரியர் காலத்தில் கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டன. புதிய மாளிகைகள் எழுந்தன. கேமராக்காரர்களும் மாளிகைகளையே எடுத்தார்கள். அதற்கு ரசனை ஒரு காரணம், ரசாயனம் இன்னொரு காரணம்.

சிவப்பு ஏன் கறுப்பானது

1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகடு முறைதான் அடுத்த முப்பது ஆண்டுகள் கோலோச்சியது. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். மும்பை வெயிலில் அது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தேவையில்லை. கூடாரம், மருந்துப் புட்டிகள், கூலியாட்கள் என்று ஒரு சிறு படையே கிளம்ப வேண்டும்.

இத்தகட்டுக்கு இரண்டு குறைகள். முதலாவது, அது நீல ஒளியை மட்டுமே நன்றாக வாங்கும். சிவப்பும் மஞ்சளும் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. வானம் வெள்ளையாக விழும். செக்கச்செவேலென்று பூத்த புரசு மரம் கறுப்புப் புதராக விழும். இரண்டாவது, படம் பதியப் பல விநாடிகள் பிடிக்கும். காற்றில் ஆடும் கிளை பஞ்சுப்பொதியாகக் கலங்கும். நடந்து போகும் ஆள் புகையாகிவிடுவார், அல்லது பதியவே மாட்டார். பழைய பம்பாய்த் தெருக்கள் காலியாகத் தெரிவதற்கு இதுவும் காரணம். அந்தத் தெருவில் கூட்டம் இருந்தது, தகட்டுக்குத்தான் அதைப் பிடிக்கத் தெரியவில்லை.

இன்னொரு சங்கதி. அக்காலத்தில் படங்களை அச்சிட்ட தாளின் மேல் பூச்சு முட்டையின் வெண்கரு. பிறகு வந்த தகடுகளிலும் ஃபிலிமிலும் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டின். சமணன் ஒருவன் புகைப்பட வரலாறு எழுதப் புகுந்தால் இதையெல்லாம் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது!

ஒட்டுப்போட்ட அன்றாடம்

நடமாடும் மனிதர்களை எப்படியாவது காட்ட வேண்டும் என்ற ஆவல் அன்றே இருந்தது. வில்லியம் ஜான்சன் என்பவர் பம்பாய் மக்களைப் பற்றி இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். முதலாவது 1863இல், இரண்டாவது 1866இல். நகரில் வாழ்ந்த, வந்துபோன பல சாதியாரும் தத்தம் உடையில் அதில் நிற்கிறார்கள். பார்த்தால் தெருவில் எடுத்தது போலிருக்கும். உண்மையில் ஆட்களைத் தனியே நிறுத்தி எடுத்து, கத்தரித்து, வேறோர் இடத்தின் படத்தின்மேல் ஒட்டித் தயாரித்தவை அவை. பின்னால் தெரிவது பம்பாய்தான், முன்னால் நிற்பவர்களும் மெய்யான மனிதர்கள்தான். ஆனால் அந்த மனிதர் அந்த இடத்தில் அந்த நேரத்தில் நிற்கவில்லை. அதைவிட முக்கியம், படத்தின் கீழே சாதியின் பெயர் இருக்கிறது, மனிதரின் பெயர் இல்லை.

அதே காலத்தில் சிற்பி ஒருவர் இதைவிட நன்றாகச் செய்தார் என்பது என் கருத்து. 1869இல் முடிந்த கிராஃபர்டு மார்க்கெட்டின் வாசல் வளைவுகளுக்கு மேல் லாக்வுட் கிப்லிங் வடிவமைத்த புடைப்புச் சிற்பங்களைப் பாருங்கள். உழவரும் சந்தைக்கு வருகிறவர்களும் கல்லில் உயிரோடு நிற்கிறார்கள். மாம்பழம் வாங்கப் போகும்போது ஒரு நிமிஷம் தலையைத் தூக்கினால் போதும்.

1896ஆம் ஆண்டு

இந்த ஒரே ஆண்டில் பம்பாயில் மூன்று காரியங்கள் நடந்தன. இந்தியாவின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ராஜா தீன்தயாள் இங்கே தம் படநிலையத்தைத் திறந்தார். ஜூலை 7ஆம் நாள் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் சலனப்படம் காட்டப்பட்டது. செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது.

ஏழைகளின் வீட்டு வாசலைக் கேமராவுக்குத் திறந்துவிட்டது அந்த மூன்றாவதுதான். வீடுகளைக் குழாய் வைத்துக் கழுவுவது, நோய்முகாம்கள், சோதனைக்கு நிறுத்தப்பட்ட குடும்பங்கள் எல்லாம் படமாயின. அவை அரசாங்கம் தன் வேலையைக் காட்டிக்கொள்ள எடுத்தவை. இருந்தாலும் இன்று அவற்றைப் பார்க்கிறவன் கண், படத்தின் ஓரத்தில் நிற்கும் பித்தளைக் குடத்திலும், திண்ணையில் உட்கார்ந்த கிழவியிடமும் போய் நிற்கிறது. அன்றாட வாழ்க்கை பதிவதற்கு ஒரு கொள்ளைநோய் வர வேண்டியிருந்தது என்பது வேதனை. அந்த நோயின் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வந்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா மனைகளை அதுவே வகுத்தது. நம் தமிழர்கள் மாட்டுங்காவில் குடியேறிய கதையின் முதல் அத்தியாயம் அங்கேதான் தொடங்குகிறது.

நிறம் வந்த பிறகு

எல்லா நிறத்தையும் உணரும் கறுப்பு வெள்ளைத் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்தன. மறு ஆண்டே லூமியேர் சகோதரர்கள் ஆட்டோகுரோம் என்ற வண்ணத் தகட்டைக் கொண்டுவந்தார்கள். சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்தான் அதில் நிறம் தருவது. கந்தமூலம் விலக்கும் எங்கள் வீட்டார் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். 1935இல் கோடக்குரோம் வந்த பிறகே வண்ணம் எளிதானது. முடிவில் ரகுபீர் சிங் பம்பாய் பற்றிய தம் வண்ணப் புத்தகத்தை 1994இல் வெளியிட்டார்.

தெருவுக்கும் வீட்டுக்கும் கேமரா இறங்கி வந்ததில் ஒரு பெண்மணிக்குப் பெரும் பங்குண்டு. நவ்சாரியில் 1913இல் பிறந்த ஹோமாய் வியாராவாலா, ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படித்தபோது தம்மோடு படித்த பெண்களையும் நகரத்து அன்றாடத்தையும் படமெடுத்தார். தொடக்கத்தில் அவை கணவர் பெயரில் வெளியாயின. 1942இல் டில்லி சென்று நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரராகப் புகழ்பெற்றார். 2011இல் பத்மவிபூஷண் பெற்று, 2012இல் மறைந்தார்.

நம் தெரு எங்கே?

1978இல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து என் மாமாவின் எவர்சில்வர் கடைக்குக் கணக்கெழுத வந்தவன் நான். மாமா வீட்டில் ஆக்ஃபா கிளிக் கேமரா ஒன்று இருந்தது. ஒரு சுருளுக்கு 12 படம். கல்யாணம், காதுகுத்து, கடை பூஜை என்று 12ம் தீர்ந்துவிடும். தெருவுக்காக ஒரு படம் செலவழிக்க அன்று யாருக்கும் கட்டுப்படியாகாது. 1981இல் எடுத்த ஒரு கல்யாண ஊர்வலப் படத்தின் ஓரத்தில் சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டிய இட்லிக்காரர் ஒருவர் பாதி உடம்போடு விழுந்திருக்கிறார். தாராவியிலிருந்து விடியற்காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து எங்களுக்கெல்லாம் காலை ஆகாரம் போட்டவர். எங்களிடம் உள்ள அவர் படம் அந்தப் பாதிதான். "அவர் பேர் என்ன தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம்.

ஜான்சன் புத்தகத்தின் பெயரில்லாத மனிதர்களும் எங்கள் இட்லிக்கார அண்ணாச்சியும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். 1982 ஜனவரி 18இல் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கிரண்காவ் அடையாளம் தெரியாமல் மாறியது. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலம் 2022 நவம்பரில் முடிவானது. நம் தமிழர்கள் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த சந்துகள் இனி இப்படியே இருக்கப்போவதில்லை. நல்லதோ கெட்டதோ, அது வேறு விஷயம். பதிவு வேண்டுமா இல்லையா என்பதே கேள்வி.

இன்று தகடும் தடையில்லை, நிறமும் தடையில்லை, சுருளுக்கு 12 என்ற கணக்கும் இல்லை. செல்போன் போதும். மாசி முதல் வைகாசி வரை, காலை ஏழு மணியிலிருந்து எட்டரைக்குள் கிளம்புங்கள். பைகுல்லா ராணி பாக் 1862இல் திறந்த தோட்டம், பழைய மரங்கள் உண்டு. மாட்டுங்காவில் வாழையிலையும் மல்லிகைச் சரமும் விற்கும் நடைபாதைக் கடைகள் உண்டு. 1875இல் கட்டிய சசூன் டாக்கில் மீன் ஏலம் உண்டு. அங்கே முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. பூத்த மரத்தை மட்டும் எடுக்காமல், அதன் நிழலில் செருப்புத் தைப்பவரையும் சேர்த்து எடுங்கள். "அண்ணே, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டே எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எடுத்த பிறகு பெயரைக் கேட்டு எழுதுங்கள். பெயர், தெரு, தேதி, மரத்தின் பெயர். இந்த நான்கும் இல்லாத படம் நாற்பது வருஷத்தில் ஊமையாகிவிடும். எங்கள் சமண மரபில் சாஸ்திர தானம் என்று ஒன்று உண்டு. நூல்களைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பது. 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே அம்மையார் பொன்ன கவியின் சாந்திபுராணத்தை 1000 படிகள் எழுதுவித்து வழங்கினார். ஒரே வீட்டில் ஒரே படி இருந்தால் கரையானுக்கு ஒரு நாள் வேலை. படத்துக்கும் அதே விதிதான். போனில் மட்டும் இருப்பது போனோடு போகும். அச்சுப் போட்டு, பின்னால் எழுதி, இரண்டு வீட்டில் வையுங்கள். ஒரு படி படத்தில் இருக்கிறவர் வீட்டில் இருக்கட்டும்.