கோதுமைக் கப்பலும் மணலி யூரியாவும்

நம் வயதுக்காரர்களுக்கு ரேஷன் கடைக் கோதுமை மறந்திருக்காது. அரிசிச் சோறு பழகிய வீடுகளில் அதைக் கஞ்சியும் உப்புமாவுமாக ஒப்பேற்றிய காலம் அது. நாட்டுக்கு வந்த கோதுமையில் பெரும்பகுதி அமெரிக்காவின் பி.எல்.480 கோதுமைதான்.

பி.எல்.480 என்பது 1954இல் அமெரிக்கா போட்ட சட்டம். 1956இல் இந்தியா முதல் ஒப்பந்தம் செய்துகொண்டது. விலையை டாலரில் கொடுக்க வேண்டாம், ரூபாயில் கொடுத்தால் போதும் என்றது பெரிய சலுகை. நாளடைவில் சலுகை பழக்கமாகி, அது இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது. 1964-65இல் சுமார் 8.9 கோடி டன் விளைந்த தானியம், மழை பொய்த்ததால் மறு ஆண்டு 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966இல் இறக்குமதி மட்டும் சுமார் 1 கோடி டன். நம் விவசாயக் கொள்கை மாறவேண்டும் என்று நெருக்கிய ஜனாதிபதி ஜான்சனுக்கு, வியட்நாம் போரில் நாம் சொன்ன கருத்தும் கசந்தது. மொத்தமாக அனுப்பாமல், மாதாமாதம் அளந்து கப்பலை விட்டார்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1966 மார்ச் 7 அன்று தெகோல் இதே ஜான்சனுக்குக் கடிதம் எழுதி, நேட்டோவின் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து பிரான்ஸை விலக்கிக்கொண்டார். அதே மாதக் கடைசியில் இந்திரா காந்தி உதவி நாடி வாஷிங்டன் போனார். பிரான்ஸிடம் சொந்த விளைச்சலும் இருந்தது, 1960 முதல் சொந்த அணுகுண்டும் இருந்தது. பசித்திருப்பவன் அப்படிக் கடிதம் எழுத முடியாது. முதலில் களஞ்சியம் நிரம்ப வேண்டும்.

அந்த வேலையைச் செய்தவர் நம் சி.சுப்பிரமணியம். உணவு அமைச்சராக இருந்து, விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு வழி செய்தார். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள் துணை நின்றனர்.

புது விதைக்கு உரம் வேண்டுமே! எண்ணூரில் பாரி கம்பெனியின் உர ஆலை 1963இலேயே வந்துவிட்டது. 1966இல் மணலியில் மெட்ராஸ் உரக் கம்பெனி தொடங்கியது. அதில் மத்திய அரசுக்குக் கூட்டாளி அமோகோ என்ற அமெரிக்கக் கம்பெனி. உரத் தொழிலில் அந்நிய முதலீட்டை அனுமதியுங்கள் என்பது அமெரிக்காவின் நெருக்குதல்களில் ஒன்று. அந்த நெருக்குதலையே நாம் ஏணியாக்கிக்கொண்டோம். நாப்தா பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்தது. அந்த ஆலையில் ஈரானுக்கும் பங்கு. 1971இல் விஜய் யூரியா மூட்டைகள் வெளிவந்தன.

1970-71இல் விளைச்சல் 10.8 கோடி டன். 1971 முடிவில் பி.எல்.480 கோதுமையும் நின்றது. அந்த டிசம்பரில்தான் வங்கதேசப் போரின்போது அமெரிக்காவின் ‘என்டர்பிரைஸ்’ போர்க்கப்பல் நம் வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. அப்போதும் மாதாமாதம் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்தால், டில்லி அவ்வளவு உறுதியாக நின்றிருக்குமா?

1985இல் அமோகோ விலகியது. மணலி ஆலை 2019 முதல் நாப்தாவை விட்டு, எண்ணூரில் கப்பலில் வந்திறங்கும் எரிவாயுவில் ஓடுகிறது. ஆக, இன்றும் கப்பலை எதிர்பார்க்கத்தான் செய்கிறோம். ஆனால் எரிவாயுவைப் பல நாடுகளில் வாங்கலாம். ஒருவர் அளந்து விட்டால் இன்னொருவரிடம் போகலாம். இந்த வசதியை விட்டுவிடாமல் காப்பதுதான் 1966 நமக்குச் சொல்லும் பாடம்.