தனித்துத் தேவனாக முடியாது: மார்மன் மறுமைக் கோட்பாட்டில் குடும்பத்தின் இடம்

மனிதன் தேவனாக உயரலாம் என்ற நம்பிக்கையே மார்மன் சமயத்தை ஏனைய கிறிஸ்தவச் சபைகளிலிருந்து பிரிக்கிறது என்பர். எதிர்ப்பாளர் இதைத் தெய்வநிந்தை என்று ஒதுக்குகின்றனர். கேலி செய்வோர், செத்தபின் ஆளுக்கொரு கிரகம் கிடைக்கும் போலும் என்கின்றனர். பரிந்து பேசுவோர் இரேனியஸ், அத்தனாசியஸ் முதலிய ஆதித் திருச்சபைத் தந்தையரிடமும் இச்சிந்தனை உண்டு என்று சான்று காட்டுகின்றனர். மூன்று சாராருக்கும் பொதுவான அனுமானம் ஒன்று உண்டு: தேவத்துவம் தனி மனிதன் எட்டும் நிலை என்பது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. மார்மன் சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1832 முதல் 1844 வரை வளர்த்தெடுத்த கோட்பாட்டில் தேவநிலைக்கு உயர்வது குடும்பம். அந்த வளர்ச்சிக்குத் தத்துவ விசாரத்தைவிடச் சாவு வீடுகளே அதிகம் உந்துதல் தந்தன.

1823 நவம்பரில் ஸ்மித்தின் மூத்த அண்ணன் ஆல்வின் நியூயார்க் மாநிலத்தின் பல்மைரா அருகே இறந்தார். வயது 25. ஞானஸ்நானம் பெறாதவர். அடக்க ஆராதனையில் பேசிய போதகர், அவர் நரகத்துக்கே போயிருப்பார் என்னும்படி பேசியதைக் குடும்பத்தார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். எல்லாரும் இறுதியில் மீட்கப்படுவர் என்ற கொள்கைச் சாய்வு கொண்ட தந்தைக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆயினும் 1830இல் வெளிவந்த மார்மன் புஸ்தகம் இந்தத் துயருக்கு நேரடி விடை தரவில்லை. அதன் மறுமை பெரும்பாலும் மரபான மோட்சம், நரகம் என்ற இரட்டைப் பிரிவுதான்.

அந்த இரட்டைப் பிரிவு 1832 பிப்ரவரி 16 அன்று உடைந்தது. ஒஹையோவின் ஹைரம் என்ற ஊரில் ஸ்மித்தும் அவருடைய உடன் ஊழியர் சிட்னி ரிக்டனும் விவிலியத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தனர். யோவான் நற்செய்தியில் உயிர்த்தெழுதல் பற்றிய வசனத்துக்கு வந்தபோது இருவரும் ஒரு தரிசனம் கண்டதாக அறிவித்தனர். அதன்படி மறுமையில் மூன்று மகிமைகள் உண்டு. சூரியனை ஒத்த சிலெஸ்டியல், சந்திரனை ஒத்த டெரஸ்டிரியல், விண்மீன்களை ஒத்த டீலெஸ்டியல். பவுலின் கொரிந்தியர் நிருபத்து உவமையே இதன் அடித்தளம். பொய்யரும் விபசாரரும்கூடத் தண்டனைக்காலம் கழிந்தபின் மூன்றாம் மகிமையை அடைவர். புறம்பான இருளில் தள்ளப்படுவோர் வெகு சிலரே. பழைய சபைகளில் வளர்ந்து வந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. தமக்கே முதலில் இதை ஏற்பது கடினமாயிருந்தது என்று ஸ்மித்துக்குப் பின் சபையை நடத்திய பிரிகாம் யங் பின்னர் ஒப்புக்கொண்டார்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் இந்தத் தரிசனத்திலேயே இருக்கிறது. உச்ச மகிமையை அடைவோர் தேவர்கள் என்றே அது சொல்கிறது. இதற்கு எந்த மரணமும் உடனடிக் காரணமாக இருக்கவில்லை. வேத ஆராய்ச்சியில் பிறந்தது இது. ஆகவே தேவத்துவம் என்ற கருத்தே துக்கத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் 1832இன் தேவர்களுக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை, முன்னோரும் இல்லை. தகுதிக்கேற்ப மூன்று மண்டலங்களில் வைக்கப்பட்ட தனியர்கள் அவர்கள். தேவனாவது என்றால் என்ன என்ற கேள்விக்குப் பொருள் கிடைத்தது அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில்தான்.

1836 ஜனவரி 21 அன்று கர்ட்லண்டு ஆலயத்தில் ஸ்மித் கண்டதாகச் சொன்ன தரிசனத்தில் சிலெஸ்டியல் உலகில் ஆல்வின் நின்றார். ஞானஸ்நானம் பெறாத அண்ணன் அங்கே எப்படி என்று ஸ்மித் வியந்தார். வாய்ப்புக் கிடைத்திருந்தால் சுவிசேஷத்தை ஏற்றிருப்பவருக்கும் அந்த மகிமை உண்டு என்ற பதில் வந்தது. தாயும் தந்தையும் அதே காட்சியில் இருந்தனர். அப்போது இருவரும் உயிரோடு இருந்தவர்கள்! நடந்து முடிந்ததைக் காட்டும் தரிசனம் அன்று அது, குடும்பம் மீண்டும் கூடப்போவதைக் காட்டியது.

1840 ஆகஸ்ட் 15 அன்று இல்லினாய் மாநிலத்தின் நாவூவில் சபை உறுப்பினர் சீமர் பிரன்சனின் அடக்க ஆராதனையில் ஸ்மித் மரித்தோருக்கான ஞானஸ்நானத்தை அறிவித்தார். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த மகனை நினைத்து வாடிய ஒரு விதவை அந்தக் கூட்டத்தில் இருந்தாராம். சில வாரங்களில் மிசிசிப்பி ஆற்றிலேயே மக்கள் இறந்த உறவினருக்காக மூழ்கி எழத் தொடங்கினர். ஆல்வினுக்காக இன்னொரு சகோதரர் ஹைரம் மூழ்கினார். 1823இல் போதகர் போட்ட கணக்கு பதினேழு ஆண்டுகளுக்குப் பின் ஆற்று நீரில் தீர்க்கப்பட்டது.

1843இல் கோட்பாடு இறுகியது. இங்குள்ள மனித உறவாட்டமே மகிமையோடு அங்கும் தொடரும் என்றும், பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் உள்ள சரீரம் உண்டு என்றும் ஏப்ரலில் ஸ்மித் போதித்தார். சிலெஸ்டியல் மகிமைக்குள்ளேயே மூன்று படிகள் உண்டென்றும், மேல்படிக்கு நித்திய விவாகம் வேண்டுமென்றும் மே மாதம் போதித்தார். ஜூலை 12 அன்று எழுத்தில் பதிந்த வெளிப்பாடு இதை முழுமையாக விளக்கியது. அதிகாரம் பெற்ற குருத்துவத்தால் முத்திரிக்கப்பட்ட, அதாவது மரணத்துக்கு அப்பாலும் பிணைக்கப்பட்ட, கணவனும் மனைவியும் சேர்ந்தே தேவர்களாவர். அப்படி இணையாதோர் இரட்சிக்கப்படுவர், ஆனால் பணிவிடைத் தூதர்களாக, தனித்தனியாக, என்றென்றும். மார்மன் மறுமையில் தனிமையே இரட்சிப்பின் குறைந்த வடிவம். கன்னிமையை உயர்த்திப் பேசிய துறவு மரபுக்கு இதைவிடத் தொலைவான கிறிஸ்தவ மறுமையை நான் அறியேன்.

அப்படியானால் 1844 ஏப்ரல் 7 அன்று ஆற்றிய கிங் ஃபாலெட் பிரசங்கத்தை எங்கே வைப்பது? ஒரு மாதம் முன்பு கிணறு வெட்டும்போது விபத்தில் இறந்த நண்பரின் நினைவாகப் பேசப்பட்டது அது. தேவன் ஒருகாலத்தில் மனிதனைப் போல இருந்தவர், மனிதனின் உள்ளறிவு படைக்கப்படாதது, தேவர்களாவது எப்படி என்று நீங்கள் கற்க வேண்டும் என்று ஸ்மித் கூறினார். இது பச்சையான மெய்ப்பொருளியல். துக்க ஆறுதலாகச் சுருக்கிவிட முடியாது என்று ஒருவர் வாதிடலாம். உயிர் படைக்கப்படாதது என்பது சைவ சித்தாந்தம் பயின்ற வாசகருக்குப் புதிதன்று. ஆனால் அங்கே பசுவாகிய உயிர் ஒருநாளும் பதியாகிய இறைவன் ஆவதில்லை. இங்கே அந்த எல்லை அழிகிறது. கீழைத் திருச்சபையும் இந்த எல்லையைக் காத்தது. மனிதன் கடவுளின் ஆற்றல்களில் பங்குபெறுவான், சாரத்தில் அல்ல என்று பதினான்காம் நூற்றாண்டில் கிரகோரி பாலமாஸ் வரையறுத்தார். ஆகவே ஆதித் தந்தையரை மார்மன் கொள்கைக்குச் சாட்சியாக அழைப்பது பாதி தூரம்தான் செல்லும்.

ஆயினும் அந்த எல்லை ஏன் அழிகிறது என்று பார்க்க வேண்டும். தேவன் உருவகத்தில் அல்லாமல் மெய்யாகவே தகப்பன் என்றால், பிள்ளைகள் வளர்ந்து தகப்பனைப் போலாவது இயல்பு. பரம தகப்பன் இருந்தால் பரம தாயும் இருக்க வேண்டும். மார்மன் கவிஞர் எலைசா ஸ்னோ 1845இல் எழுதிய பாடலில் அந்தத் தாய் வெளிப்படையாக இடம்பெற்றார். மெய்ப்பொருளியல் குடும்ப உறவைப் பின்தொடர்கிறது. கிங் ஃபாலெட் பிரசங்கத்தின் கணிசமான பகுதி குழந்தைகளை இழந்த தாய்மாரை நோக்கிப் பேசப்பட்டதும் தற்செயலன்று. ஸ்மித்தும் அவர் மனைவி எம்மாவும் பல பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள்.

இந்தக் கட்டமைப்புக்கு விலையும் உண்டு. 1843 வெளிப்பாடுதான் பலதார மணத்துக்கும் அதிகாரம் தந்தது. சபையின் 1890 அறிக்கைக்குப் பின் அந்த வழக்கம் கைவிடப்படத் தொடங்கினாலும், மனைவியை இழந்தவர் இன்னொரு பெண்ணோடும் முத்திரிக்கப்படலாம், உயிரோடிருக்கும் விதவைக்கு அது இயலாது என்ற ஏற்றத்தாழ்வு நீடிக்கிறது. மணமாகாமல் இறக்கும் விசுவாசிகளுக்கு மறுமையில் வாய்ப்புக் கிடைக்கும் என்று சபை ஆறுதல் சொல்கிறது. ஒருபாலின விவாகத்தை அது விடாப்பிடியாக மறுப்பதை வெறும் அரசியல் பழைமைவாதமாகப் படிப்பது போதாது. தேவத்துவத்தின் வரையறையே அங்கே பணயமாகிறது. இறந்தோர் ஆவியுலகில் சடங்கை ஏற்கவோ மறுக்கவோ உரிமையுள்ளோர் என்பது கோட்பாடு. ஆனால் நாஜிப் படுகொலையில் மாண்ட யூதர்களுக்காகவும் ஞானஸ்நானம் நடந்தது தெரியவந்தபோது அந்த விளக்கம் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. 1995இல் யூத அமைப்புகளுடன் சபை உடன்பாடு செய்ய வேண்டியிருந்தது. எல்லா மனிதரையும் ஒரே குடும்பமாகக் கோக்கும் ஆசை, அடுத்தவர் குடும்பத்தின் வாசலைத் தாண்டிவிட்டது.

சபை எதை இறுகப் பற்றியது என்பதே இவ்வாதத்துக்குக் கடைசிச் சான்று. 1894இல் அப்போதைய தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப், சபைத் தலைவர்களின் பிள்ளைகளாகத் தம்மை முத்திரித்துக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்தி, சொந்தப் பெற்றோரோடும் முன்னோரோடும் இணையுமாறு பணித்தார். அதே ஆண்டு யூட்டா வம்சாவளிச் சங்கம் பிறந்தது. தேவன் முன்பு மனிதராயிருந்தாரா என்று 1997இல் செய்தியாளர்கள் கேட்டபோதோ, தலைவர் கோர்டன் ஹிங்க்லி அதைப் பற்றித் தமக்கு அதிகம் தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டார். 2014இல் சபை வெளியிட்ட விளக்கக் கட்டுரையும் தேவனைப் போலாகும் நம்பிக்கையை நிலைநிறுத்தி, கிரகக் கேலியை மட்டும் விலக்கியது. நித்திய விவாக வெளிப்பாடு 1876 முதல் கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலில் 132ஆம் பிரிவாக இருக்கிறது. கிங் ஃபாலெட் பிரசங்கம் இன்றுவரை சபையின் வேதநூல் எதிலும் சேர்க்கப்படவில்லை.